பத்தியம் மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பையை எடுத்துக்கொண்டு போகாத தில்லித் தமிழர் வெகு சிலரே இருப்பார்கள். நானும் என் மனைவியும் 1984-ல் தலைநகருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து போய்வருகிறோம். முருங்கைக்காய், வாழைப்பூ, சேனைக்கிழங்கு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நல்ல தேங்காய், அந்தப் பக்கம் போனால் மத்தி, அயிலை. காய்க்காரர் பீகார்க்காரர்தான், ஆனாலும் "வாங்க சார், முருங்கைக்கா" என்று தமிழில் கூப்பிடுவார். ஊரை விட்டு வந்த நமக்கு அந்தச் சந்து ஒரு சின்ன ஊர்.

சென்ற மாதம் அங்கே எங்கள் பேட்டைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், மத்திய அரசு ஊழியர். கையில் ஒரு நீண்ட பட்டியல். கோதுமை கூடாது, பால் கூடாது, காபி கூடாது, புளி கூடாது. சிவப்பரிசி, ஆளி விதை, ஏதோ ஒரு பொடி வேண்டும் என்று எழுதியிருந்தது. விசாரித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பொண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ்னு சொல்லிட்டாங்க சார். டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினாங்க. அதெல்லாம் வேண்டாம், சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்னு ஒருத்தர் லிஸ்ட் குடுத்திருக்கார். ஆளி விதை எந்தக் கடையில நல்லா இருக்கும்?"

கடையைக் காட்டினேன். பிறகு அவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் பேசினேன். ஏனென்றால் 2018-ல் அதே போன்ற பட்டியலுடன் அதே சந்தில் நின்றவன் நான். அன்று அவரிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் தண்டவாளம் பார்த்தவன். ஆனால் பட்டவன். என் மகளின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ன நோய் இது?

கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் ஒரு படலம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிரமாக வெளியேறுகிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ, குடலின் மேலோ, சிறுநீர்ப்பையின் மேலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அங்கேயும் வீக்கம், கசிவு. வெளியேற வழியில்லாததால் உள்ளேயே அழற்சி, தழும்பு, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதற்குச் 'சாக்லேட் சிஸ்ட்' என்று பெயர்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்து சதவிகிதம் பேருக்கு, உலகம் முழுவதும் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மாதவிலக்கில் தாங்க முடியாத வலி, மலம் கழிக்கும்போது வலி, வயிறு உப்புசம், ஓயாத அசதி, சிலருக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போதல் என்று பல முகங்கள் இதற்கு. அடியோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மாத்திரை, ஊசி, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் கட்டுக்குள் வைக்க முடியும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்னதைச் சாப்பிட்டதால்தான் இந்த நோய் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

என் மகளுக்குப் பதினாலு வயதில் வலி தொடங்கியது. மாதத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பாள். "நானும் இப்படித்தான் இருந்தேன், கல்யாணமாகி ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்" என்பாள் என் மனைவி. அவளுக்கு அவள் அம்மா சொன்னது அது. நானோ, பொம்பளைங்க சமாச்சாரம் என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். என் செக்‌ஷனில் எந்த மைலில் எந்தத் தண்டவாளம் தேய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அடுத்த அறையில் பதிமூன்று வருடமாக ஒரு பெண் வலியில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

2018-ல், நான் ஓய்வு பெற்ற வருடம், அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட் தெரிந்தது. மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஹார்மோன் என்ற சொல்லே எங்களைப் பயமுறுத்தியது. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஹார்மோனா என்று உறவினர்கள் வேறு. அந்தச் சமயத்தில்தான் உணவு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கிடைத்தார். ஆறு மாதம் பத்தியம், கூடவே அவர் விற்கும் பொடி, நோய் போய்விடும் என்றார். மாத்திரையை நிறுத்தினோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் அவளுக்கு நன்றாகவே இருந்தது. உப்புசம் குறைந்தது, வேலைக்குப் போனாள், சிரித்தாள். நோய் போகிறது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஸ்கேனுக்குப் போகவில்லை. பத்து மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் வலி வந்தபோது, கட்டி இரண்டு மடங்காகியிருந்தது, குடல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு கிலோ இளைத்து, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரம்மா சொன்னதை மறக்க மாட்டேன்: "சாப்பாட்டை மாத்தினது தப்பில்லை சார். எங்ககிட்ட வராம இருந்ததுதான் தப்பு."

என் தொழிலில் 'காஷன் ஆர்டர்' என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் ஒரு பழுது கண்டால், அந்த இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் என்று வேகத்தைக் கட்டுப்படுத்துவோம். வண்டி பத்திரமாகப் போகும். ஆனால் பழுது அப்படியேதான் இருக்கும். வண்டிதான் போகிறதே என்று ரிப்பேரைத் தள்ளிப்போடுகிற அதிகாரியைப் போல ஆபத்தானவர் யாரும் இல்லை. நாங்கள் செய்தது அதுதான். உணவுக் கட்டுப்பாடு ஒரு நல்ல காஷன் ஆர்டர். அதையே ரிப்பேர் என்று நம்பிவிட்டோம்.

உணவு எவ்வளவு தூரம் உதவும்?

உணவால் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் நடத்தி 2024 இறுதியில் வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்த நோயுள்ள 2,500-க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தார்கள். அவர்களில் 84 சதவிகிதம் பேர் உணவை மாற்றிப் பார்த்தவர்கள். அப்படி மாற்றிப் பார்த்தவர்களில் 67 சதவிகிதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். இது அவர்களே சொன்னது, அளந்து பார்த்தது அன்று. ஆனாலும் இத்தனை பேர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

அளந்து பார்த்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2025-ல் வெளியிட்ட ஆய்வு அது. வெங்காயம், பூண்டு, கோதுமை, ராஜ்மா, கொண்டைக்கடலை, பால் போன்றவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குகின்றன. இவற்றுக்கு 'ஃபாட்மேப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடல் தொல்லையும் எண்டோமெட்ரியோசிஸும் சேர்ந்த 35 பெண்களுக்கு இவை குறைந்த உணவை 28 நாளும், சாதாரண உணவை 28 நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வகையில் 60 சதவிகிதம் பேருக்கும், இரண்டாவதில் 26 சதவிகிதம் பேருக்கும் குடல் தொல்லை குறைந்தது. என் மகளுக்கு முதல் இரண்டு மாதம் கிடைத்த சுகம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது. குடல் அமைதியானது, கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்கச் செவிலியர்களிடம் பல்லாண்டு நடந்த பெரிய ஆய்வில், 2010-ல் ஒரு செய்தி வெளிவந்தது. டிரான்ஸ் கொழுப்பை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது 48 சதவிகிதம் அதிகம். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 22 சதவிகிதம் குறைவு. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. நோய் வந்தபின் மீன் தின்றால் போய்விடும் என்றும் பொருளில்லை. ஆனாலும் வனஸ்பதியில் பொரித்ததைக் குறைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் வந்தது, நம் இதயத்தைக் காக்க.

மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 12 முதல் 25 வயது வரையுள்ள பெண்களுக்கு வைட்டமின் டி மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனை 2020-ல் வெளியானது. வலி குறைந்தது. ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது! எதைக் கொடுத்தாலும் நம்பிக்கையால் கொஞ்சம் குறையும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் யாருடைய பொடியையும் எடை போட வேண்டும். ஐரோப்பிய மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும், எந்த உணவு முறையையும் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறுகிறது.

நம் சமையலறையில்

அப்படியானால் ஐ.என்.ஏ.வில் என்ன வாங்குவது? எங்கள் வீட்டு அனுபவத்தையும், மருத்துவமனையின் உணவியல் நிபுணர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் இரும்புச்சத்து. உதிரம் அதிகம் போகும் பெண்ணுக்கு இதுதான் அவசரம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. கீரை, பயறு, உண்பவர்களுக்கு மீன், இறைச்சி, முட்டை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் ஏறாது. ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும்போது முருங்கைக்கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

இரண்டாவது, வெங்காயம் பூண்டு. உப்புசம் உள்ளவர்கள் நாலு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். நம் சமையலில் அதற்கு வழி இருக்கிறது. பெருங்காயம் அந்த மணத்தை ஓரளவு கொடுத்துவிடும். கோதுமையை ஒதுக்குபவர்கள் பெருங்காய டப்பாவைப் படித்து வாங்க வேண்டும். பலவற்றில் மைதா கலந்திருக்கும். சோறு, வெண்டைக்காய், கத்தரிக்காய், கேரட், உருளைக்கிழங்கு இவையெல்லாம் பெரும்பாலும் தொல்லை தராதவை. நாலு வாரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும். எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விடுவது பத்தியம் அன்று, பட்டினி.

மூன்றாவது, பால். நிறுத்துவதாக இருந்தால் கால்சியத்துக்கு என்ன வழி என்று யோசித்துவிட்டு நிறுத்த வேண்டும். இந்நோய்க்குப் போடும் சில ஊசிகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். அந்தச் சமயத்தில் பாலையும் நிறுத்தினால் இரட்டை நஷ்டம். நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மத்தி மீனை முள்ளோடு மென்று தின்றால் அதிலும் உண்டு, ஒமேகா-3 கொழுப்பும் கிடைக்கும்.

உளுந்தங்களி பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரியவளான பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கொடுப்பது நம் வழக்கம். சத்தான உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். சிலருக்கு உளுந்தால் வாயு அதிகமாகும். அவர்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் அது இந்த நோயைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மஞ்சளும் அப்படித்தான். சாம்பாரில் போடும் மஞ்சள் வேறு. அதன் சத்தைப் பிழிந்தெடுத்த மாத்திரை வேறு. அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டது பதிவாகியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட உபயோகமானது ஒரு நாலணா நோட்டுப் புத்தகம். (இப்போது நாலணாவுக்கு எங்கே கிடைக்கிறது!) எந்தத் தேதியில் வலி, பத்துக்கு எத்தனை, என்ன சாப்பிட்டாள், என்ன மாத்திரை, வேலைக்குப் போனாளா என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஒரே நாளில் பத்துப் பொருளை நிறுத்தினால், எதனால் குணம் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மூன்று மாத நோட்டோடு போனால் டாக்டர் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். இது என் அனுபவம்.

யார் தலையில் சுமை?

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. உணவே காரணம், உணவே மருந்து என்று நாம் சொல்லச் சொல்ல, பழி முழுவதும் அந்தப் பெண் தலையில் விழுகிறது. "ஆபீஸ் போற வழியில கண்டதையும் தின்னா இப்படித்தான்" என்று என் வீட்டிலேயே பேசியிருக்கிறோம். வலி கூடினால், பத்தியத்தை மீறியிருப்பாள் என்று சந்தேகம். ஒரு கல்யாண வீட்டில் அவள் ஒரு வாய் பாயசம் சாப்பிட்டதற்கு என் மனைவி முறைத்ததும், அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனதும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வியாதியும் அவளுக்கு, குற்றவாளிக் கூண்டும் அவளுக்கா?

இரண்டாவது, மறைத்தல். வெளியே தெரிந்தால் வரன் வராது என்று பயந்து, மருத்துவரிடம் போவதைவிட வீட்டுக்குள்ளேயே பத்தியம் இருப்பது வசதியாகத் தெரிகிறது. ஊரில் என்றால் அத்தை, சித்தி என்று யாராவது ஒருத்தி கண்டுபிடித்துக் கேட்பாள். இங்கே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் எல்லாம் அடங்கிவிடுகிறது. வருடங்கள் போகின்றன.

உணவைப் பேசும்போது நாம் வள்ளுவரைத் துணைக்கு அழைப்போம். 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து, பசித்து உண்ணச் சொன்னவர் அவர். உண்மைதான். ஆனால் அந்த அதிகாரம் அதோடு முடியவில்லை. நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து செயல்படச் சொல்கிறது. கடைசியில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று நான்கையும் சேர்த்துத்தான் மருத்துவம் என்கிறது. நாம் முதல் பாதியைச் சுவரில் எழுதிவிட்டுப் பின்பாதியை மறந்துவிடுகிறோம். அந்த நான்காவது ஆள், உடனிருப்பவர், நாம்தான்.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்துக்கு என் தாழ்மையான வேண்டுகோள். பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் நடக்கட்டும். வருடத்தில் ஒரு நாள், தமிழ் தெரிந்த பெண் மருத்துவர் ஒருவரையும் உணவியல் நிபுணர் ஒருவரையும் அழைத்து, தாய்மாரும் பெண்களும் மட்டுமல்ல, தகப்பன்மாரும் உட்காரும் ஒரு கூட்டம் நடத்துங்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புக்கு மேலுள்ள மாணவிகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். மாதத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரமுடியாத அளவு வலி இயற்கை அல்ல என்ற ஒரு வாக்கியம் அவர்கள் காதில் விழுந்தால் போதும். அறுவை செய்து பார்த்தால்தான் நோய் தெரியும் என்ற காலமும் போய்விட்டது. அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே இப்போது சிகிச்சை தொடங்குகிறார்கள்.

என் மகளுக்கு இப்போது முப்பத்து நாலு. மாத்திரை சாப்பிடுகிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறாள், வலி அடியோடு போய்விடவில்லை. வெங்காயத்தைக் குறைத்துக்கொண்டாள். பாயசம் சாப்பிடுகிறாள். எங்கள் வீட்டில் யாரும் முறைப்பதில்லை.

அந்த நண்பர் அன்று ஆளி விதை வாங்கினார், கீரை வாங்கினார். பொடி வாங்கவில்லை. மெட்ரோவில் ஐ.என்.ஏ.வுக்கு அடுத்த நிறுத்தம் எய்ம்ஸ். காய்கறிப் பையை வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் மகளோடு மருத்துவரிடம் போவதாகச் சொன்னார். எந்த மருத்துவமனையாக இருந்தால் என்ன, போனால் சரி. போயிருப்பார் என்று நம்புகிறேன்.